பிஸ்டனைக் காட்டாதவரிடம் ஏலம் கேட்காதீர்கள்

கேள்வி: "பள்ளிக்கூட பேண்டு குழுவில் டிரம்பெட் வாசித்தவன் நான். வேலைக்குப் போனதும் விட்டுப்போனது. இப்போது 46 வயது. சில காலமாக எங்கள் தேவாலயப் பாடகர் குழுவோடு மறுபடியும் வாசிக்கிறேன், இரவல் கருவியில். சொந்தமாக ஒரு பழைய, நல்ல டிரம்பெட் வாங்க ஆசை. ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் 'பாக் ஸ்ட்ராடிவேரியஸ், மவுண்ட் வெர்னான், 1958' என்று ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் யாரோ ஒருவர் இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம். 'வாசித்துப் பார்க்கவில்லை, உள்ளது உள்ளபடி விற்கிறோம்' என்று போட்டிருக்கிறார்கள். நான்கே படங்கள். இப்போது 640 டாலரில் நிற்கிறது. முடிய ஐந்து நாள் இருக்கிறது. இதுபோக, இங்கேயே ஒருவர் 1920 வாக்கில் செய்த இங்கிலாந்து கருவி ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். என்னால் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் போட முடியும். நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகன் டிசம்பரில் சென்னை வருகிறார். எதை எடுக்கலாம்? எவ்வளவு வரை கேட்கலாம்? சுங்கத்தில் மாட்டிக்கொள்ளுமா?" — வாசகர், பெரம்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெல்லில், அதாவது கருவியின் விரிந்த வாயில், உள்ள எழுத்து அழகாகத் தெரிகிறது. பெட்டியின் உள்ளே சிவப்பு வெல்வெட் தெரிகிறது. வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் தெரிகிறது. விரலால் அழுத்தும் வால்வுகளுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்றுகூடத் தெரியவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். டிரம்பெட்டுக்குச் செவுள் அந்த மூன்று பிஸ்டன்கள்தான். இந்த நான்கு படங்களை மட்டும் நம்பி ஏலம் கேட்பதாக இருந்தால் என் பதில், வேண்டாம். ஐந்து நாள் இருக்கிறது, விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏன் பிஸ்டனையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், ஒரு டிரம்பெட்டில் கெட்டுப்போகக்கூடிய எல்லாவற்றையும் இங்கே சென்னையில் சரி செய்துவிடலாம், தேய்ந்துபோன வால்வைத் தவிர. பிஸ்டனுக்கும் அது ஓடும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளி கொஞ்சம் அகன்றாலும் காற்று பக்கவாட்டில் நழுவும். ஊதுகிறவருக்கு எங்கே கசிகிறது என்று தெரியாது. மேல் ஸ்வரங்கள் பிடிபடவில்லை, சீக்கிரம் களைப்பாகிறது, சத்தம் குறைத்து வாசித்தால் ஸ்வரம் உடைகிறது என்று மட்டும் தெரியும். தன் உதட்டில்தான் குறை என்று நினைத்துப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். தேய்ந்த பிஸ்டன்மேல் கனமாக முலாம் ஏற்றி, உறையை உள்ளே சீராகத் தேய்த்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தும் வேலை ஒன்று உண்டு. அதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. என்னிடம் இல்லை, அரைகுறையாக ஏற்றுக்கொள்ளவும் மாட்டேன். கூலியும் லேசானதல்ல, சாதாரண மாடல் என்றால் கருவியின் விலையையே அது தாண்டிவிடும்.

ஆகவே விற்பவருக்கு இன்றே எழுதுங்கள். மூன்று பிஸ்டன்களையும் வெளியே எடுத்து, ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் கேளுங்கள். திருப்பிப்போட்டு இன்னொரு படம். நிக்கல் முலாம் பூசிய பிஸ்டன் என்றால், முலாம் போன இடத்தில் அடியிலுள்ள மஞ்சளோ செம்போ திட்டாகத் தெரியும். மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவையில் செய்த பிஸ்டனில் முலாம் கிடையாது. அதில் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை, நீளவாக்கில் ஓடும் கீறலையும் புள்ளிப் புள்ளியான அரிப்பையும் தேடுங்கள்.

அடுத்து ஒரு சிறிய வீடியோ. முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது அதோடு சேர்ந்த இழுத்தால் நீளும் குழாயை, வால்வை அழுத்தாமல், ஒரு அங்குலம் வெளியே இழுத்து, இரண்டு மூன்று நொடி பொறுத்து, பிறகு வால்வை அழுத்தச் சொல்லுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டால் உள்ளே காற்றுப் பிடிப்பு இருக்கிறது. மற்ற இரண்டிலும் அதேபோல. சத்தம் வராவிட்டால் உடனே கருவியைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஸ்லைடில் கிரீஸ் காய்ந்து கிடந்தாலும் வராது. வந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம். கெட்டியான எண்ணெயை ஊற்றி வைத்தால் தேய்ந்த வால்வும் கொஞ்ச நேரம் 'டப்' என்னும். அதனால்தான் படமும் வேண்டும், வீடியோவும் வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது, லீட்பைப். மவுத்பீஸ் செருகும் இடத்திலிருந்து ஸ்ருதி சேர்க்க இழுக்கும் பெரிய ட்யூனிங் ஸ்லைடு வரை போகும் குழாய். வாசிப்பவரின் மூச்சும் எச்சிலும் முதலில் படுவது அங்கேதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈரம் தங்கித் தங்கி, துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது பஞ்சுபோல் உளுத்த செம்பு. வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும், நடுவில் ஒரு கரும்புள்ளியோடு. அரிப்பு உள்ளிருந்து கிளம்பி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் டார்ச் அடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் கவலையில்லை, கழுவினால் போய்விடும். சிவப்புப் புள்ளி இருந்தால் லீட்பைப்பை மாற்ற வேண்டிவரும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அந்தச் செலவை ஏலத் தொகையிலிருந்து முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிராக, பார்ப்பவரைப் பயமுறுத்தி விலையைக் குறைக்கும் சில விஷயங்கள் உண்டு. தெரிந்தவனுக்கு அவைதான் லாபம். வெள்ளி முலாம் கன்னங்கரேலென்று கறுத்திருக்கும்; அரைநாள் வேலை. லாக்கர் என்ற மேற்பூச்சு உரிந்து திட்டுத் திட்டாக இருக்கும். சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, சென்னை வேர்வைக்குப் புது லாக்கரே எத்தனை வருடம் தாங்குகிறது என்று பார்க்கத்தானே போகிறோம். பெல்லின் வளைவில் ஒடுக்கு விழுந்திருக்கும், எடுத்துவிடலாம். ஸ்லைடு இறுகிப் போயிருக்கும். எண்ணெயும் சூடும் பொறுமையும் போதும். இன்னொன்று, 'ஊதினால் காற்றே போகவில்லை, உதிரி பாகத்துக்காக மட்டும் விற்கிறோம்' என்ற விளம்பரம். வீட்டைக் காலி செய்கிறவர்கள் பிஸ்டனைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒன்றாம் எண்ணை மூன்றாவது உறையில் போட்டிருப்பார்கள், அல்லது சரியான உறையிலேயே திருப்பி வைத்திருப்பார்கள். துளைகள் நேர்ப்படாது, காற்று அடைத்துக்கொள்ளும். பிஸ்டனில் பொறித்திருக்கும் 1, 2, 3 என்ற எண்ணைப் பார்த்து மாற்றிப் போட்டால் ஊதும். இப்படி அடிமாட்டு விலைக்கு நல்ல கருவி வாங்கியவர்கள் உண்டு.

பளபளப்பைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அறுபது, எழுபது வயதுக் கருவி கண்ணாடிபோல் மின்னினால், யாரோ பாலிஷ் சக்கரத்தில் பிடித்து மேல்தோலைச் சீவிவிட்டுப் புது லாக்கர் அடித்திருக்கிறார்கள். பெல்லில் பொறித்த எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எழுத்து கூர்மையாகவே இருக்கிறது. அது ஒரு நல்ல அறிகுறி.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போன டிரம்பெட் கலைஞர். 1918இல் மவுத்பீஸ் செய்ய ஆரம்பித்து, 1924இல் டிரம்பெட்டுக்கு வந்தார். 1953இல் தொழிற்சாலையை நியூயார்க் நகரிலிருந்து பக்கத்து ஊரான மவுண்ட் வெர்னானுக்கு மாற்றினார். 1961இல் நிறுவனத்தை செல்மர் என்ற வாத்திய நிறுவனத்துக்கு விற்றார். 1965 வாக்கில் உற்பத்தி இண்டியானாவில் உள்ள எல்கார்ட்டுக்குப் போயிற்று. நடுவில் உள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடக் கருவிகளைத்தான் சேகரிப்பவர்கள் துரத்துகிறார்கள். அதனாலேயே அவை நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. 640 டாலர் என்பது ஏலம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே உள்ள விலை. வியாபாரிகள் இன்னும் வாயே திறக்கவில்லை. கடைசி ஒரு நிமிடத்தில் அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

அந்தப் பெயரிலேயே சில குழப்படிகளும் உண்டு. பாக் நிறுவனம் அதே மவுண்ட் வெர்னானில் மெர்குரி, மெர்சிடிஸ் என்ற பெயர்களில் விலை குறைந்த டிரம்பெட்டுகளும் செய்தது. செல்மர் விற்ற பண்டி என்ற மாணவர் டிரம்பெட்டின் பெல்லில் 'வடிவமைத்தவர் வின்சென்ட் பாக்' என்ற வரி இருக்கும். இவற்றையெல்லாம் 'பாக் டிரம்பெட்' என்று தலைப்புப் போட்டு ஏலத்துக்கு விடுவார்கள். சட்டப்படி பொய்யும் அல்ல. உங்கள் படத்தில் ஸ்ட்ராடிவேரியஸ் என்ற உயர் ரக மாடலின் பெயரே இருக்கிறது. ஆனால் 1958 என்ற வருடம் எங்கிருந்து வந்தது? கருவியில் வருடம் பொறிப்பதில்லை. நடு வால்வின் உறையில் உள்ள வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த எண்ணின் படத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எண்ணைக் காட்டத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இங்கே கிடைக்கும் அந்த 1920 இங்கிலாந்து கருவியை நான் தொடமாட்டேன். காரணம் ஸ்ருதி. இங்கிலாந்தின் ராணுவ பேண்டுகளும் பித்தளை வாத்தியக் குழுக்களும் அந்தக் காலத்தில் 'ஏ' ஸ்வரத்தை ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸில் வைத்திருந்தன. இன்றைய வழக்கம் 440. அது சர்வதேச அளவில் பேசி முடிவானது 1939இல். இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்களும் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் பேண்டுகளும் பழைய உயர்ந்த ஸ்ருதியை 1960கள் வரை விடவில்லை. நம்மூருக்கு வந்து சேர்ந்த பழைய டிரம்பெட்டுகளிலும், அதே மாதிரியான ஆனால் குட்டையான கார்னெட்டுகளிலும் இந்த ரகம் நிறைய. உங்கள் தேவாலய ஆர்கனோடு வாசித்தால் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய பாதி மேலே நிற்கும். ட்யூனிங் ஸ்லைடை நன்றாக வெளியே இழுத்து ஒரு ஸ்வரத்தைச் சேர்த்துவிடலாம். ஆனால் வால்வு ஸ்லைடுகளும் அதே விகிதத்தில் நீள வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு விரல் மாற்றத்துக்கும் ஸ்ருதி ஒரு பக்கம் போகும். பாடகர் குழுவில் உட்கார்ந்துகொண்டு இந்த வம்பு எதற்கு? சுவரில் மாட்டி அழகு பார்ப்பதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அமெரிக்கக் கருவிகளில் அந்தக் கால உருப்படி என்றால் வால்வு உறையில் 'எல்பி' அல்லது 'எச்பி' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'எல்பி' என்றால் தாழ்ந்த ஸ்ருதி, நமக்கு அதுதான்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். உங்கள் தேவைக்கு மவுண்ட் வெர்னான் வேண்டாம். ஞாயிறு ஆராதனை, கிறிஸ்துமஸ் கீதங்கள், எப்போதாவது ஒரு கல்யாண வரவேற்பு. இதற்கு ஓல்ட்ஸ் அம்பாஸடர் போதும் என்பேன். போதும் என்றால் சமாதானப்படுத்திக்கொள்வது என்ற பொருளில் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் ஓல்ட்ஸ் நிறுவனம் மாணவர்களுக்கென்று செய்த கருவி அது. முதலில் லாஸ் ஏஞ்சலஸ், 1950களின் நடுவிலிருந்து புல்லர்டன். ஊர்ப் பெயர் பெல்லிலேயே இருக்கும். 1979இல் நிறுவனம் மூடப்பட்டது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தூக்கிப் போட்டு அடித்தும் அதன் வால்வுகள் இன்றைக்கும் பிடிப்போடு ஓடுகின்றன. நிறையச் செய்தார்கள், அதனால் ஏலத்தில் எந்த வாரம் பார்த்தாலும் நாலைந்தாவது இருக்கும். ஒன்று கைவிட்டுப் போனால் அடுத்தது. ஸ்ருதியும் தொந்தரவு தராது. நல்ல நிலையில் உள்ளதே சில நூறு டாலருக்குள் முடியும். மிச்சப் பணத்தில் ஒரு புது மவுத்பீஸ், ஒரு நல்ல பெட்டி, ஒரு முழு சர்வீஸ். கோடம்பாக்கத்தில் பிராஸ் வரிசை நேரில் உட்கார்ந்து சினிமாப் பாட்டுக்கு வாசித்த காலத்தில், மடியில் இருந்த கருவி எதுவாக இருந்தாலும் வாசிப்புத்தான் ரெக்கார்டில் விழுந்தது.

ஒரு எச்சரிக்கை. தலைப்பில் டிரம்பெட் என்று போட்டு, படத்தில் கார்னெட் இருக்கும். இரண்டுக்கும் மவுத்பீஸின் தண்டு வேறு; உங்களிடம் இப்போது உள்ள டிரம்பெட் மவுத்பீஸ் கார்னெட்டில் உட்காராது.

ஏலம் கேட்கும் விதம். ஈபேயில் உங்கள் உச்ச விலையைப் போட்டால், அதை அப்படியே காட்டாது. அடுத்தவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அந்தப் படி மட்டும் உங்கள் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். ஆகையால் பத்துப் பத்து டாலராக ஏற்றி எதிராளியை உசுப்புவதில் அர்த்தமில்லை. உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்து, கடைசிச் சில நொடிகளில் ஒரே ஒருமுறை போட்டுவிட்டு எழுந்து போங்கள். அந்த எண் எது? ஒரு லட்சத்திலிருந்து உள்நாட்டு அனுப்புச் செலவு, சர்வீஸ், வரி நேர்ந்தால் வரி, எல்லாவற்றையும் கழித்தது. 'வாசித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். அந்த ஒரு வார்த்தை விற்பவருக்குக் கவசம். பொருள் விவரித்தபடி இல்லை என்றால் பணம் திரும்பும் என்ற பாதுகாப்பு ஈபேயில் உண்டுதான். ஆனால் அவர் ஊதும் என்று சொல்லவே இல்லையே, எதைக் காட்டிப் புகார் செய்வீர்கள்? விற்பவர் எழுத்தில் அனுப்பும் பதில்களை அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வாங்குங்கள். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், நேரடியாக அனுப்பினால் நூறு டாலர் குறைக்கிறேன் என்றால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பாக்கை இன்னும் விட மனமில்லை என்றால்: பிஸ்டனும் லீட்பைப்பும் படத்தில் சுத்தமாக இருந்து, உங்கள் எண்ணுக்குள் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காது என்பது என் கணிப்பு. பிஸ்டன் தேய்ந்திருந்தால், எவ்வளவு மலிவாகப் போனாலும் வேடிக்கை மட்டும் பாருங்கள்.

சுங்கம் பற்றிக் கேட்டீர்கள். நேரே பெரம்பூர் முகவரிக்குப் பார்சல் போடச் சொல்லாதீர்கள். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருட்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகிறது, அனுமதி கேட்பார்கள். தனி ஆள் ஒருவர் ஒரே ஒரு டிரம்பெட் தருவிக்கும்போது அது பேசாமல் வந்துவிடலாம், கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கவும் செய்யலாம். வந்தாலும் வரி கருவியின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்புச் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தைத் தனியே வாங்கும்.

அத்தை மகன் இருக்கும்போது இந்தச் சுற்று வேண்டாம். அவருடைய கணக்கிலேயே ஏலம் கேட்டு, அவர் வீட்டுக்கு வரவழையுங்கள். வந்ததும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு பித்தளை வாத்திய ரிப்பேர் கடையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கும் பொருளுக்கும் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்ப அங்கிருந்தே முடியும், உள்ளூர்த் தபால் செலவில். பொருள் கையில் கிடைத்து 30 நாளுக்குள் புகார் போட வேண்டும் என்பதால், டிசம்பர் வரை பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடப் போகிறார், ஒருமுறை போனில் நினைவுபடுத்துங்கள். விமானத்தில் கையோடு கொண்டு வரட்டும். டிரம்பெட் பெட்டி பெரும்பாலும் தலைக்கு மேல் உள்ள அடுக்கில் அடங்கும். வாங்கிய ரசீதின் நகலை பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பயணிகளுக்கான வரியில்லா வரம்பை விலை தாண்டினால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை. வால்வு எண்ணெய்ப் புட்டியை மட்டும் எடுத்து வர வேண்டாம், தீப்பற்றும் பொருள் என்று நிறுத்துவார்கள். 1842இல் தொடங்கி, இப்போது அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகளில் விசாரித்தால் இங்கேயே கிடைக்கும்.

விற்பவருக்குக் கடைசியாக ஒரு வரி எழுதுங்கள்: மவுத்பீஸைப் பெட்டிக்குள் சும்மா போட்டு அனுப்பாதீர்கள், தனியே துணியில் சுற்றுங்கள் என்று. வழியில் அது உருண்டு உருண்டு பெல்லில் போடும் ஒடுக்குகளைத்தான் நான் அதிகம் எடுத்திருக்கிறேன். ஒருவேளை அது லீட்பைப்பிலேயே இறுகிச் சிக்கியிருந்தால் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். இடுக்கி போட்டுத் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அதை இழுத்தெடுக்கும் கருவி ரிப்பேர் பட்டறைகளில் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.